மஞ்சள் கோட்டில் நின்றவள்

துவக்குக் கொட்டிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் துசாந்தினியின் பெயர் தெரியாது. "விசில்காரி இண்டைக்கு நிக்கிறாவோ?" என்று மெல்ல விசாரித்துவிட்டுத்தான் சீட்டு எடுப்பார்கள். நிற்கிறாள் என்று தெரிந்தால் சிலர் பேசாமல் ஊஞ்சல் பக்கம் போய்விடுவார்கள்.

தலைமன்னார் வீதியில், கடலைப் பார்த்தபடி கிடந்த ஒரு பனங்காணியில் அந்தப் பொழுதுபோக்குத் தோட்டம் இருந்தது. பிரான்சில் இருந்து திரும்பிய றெனால்ட் அதை அமைத்திருந்தார். ஊஞ்சல்கள், ஒரு கொத்துரொட்டிக் கடை, படம் பிடிக்க ஒரு பழைய வள்ளம். காணியின் தொங்கலில், கிடுகு வேய்ந்த நீளக் கொட்டில் ஒன்று. அதில் நாலு மேசை, குறி பார்த்துச் சுட மேசைக்கு ஒரு காற்றுத் துவக்கு. எதிரே மண்மூட்டைகளையும் பனங்குற்றிகளையும் அடுக்கி, அதன் முன்னால் வட்டம் கீறிய கடதாசி மட்டைகளைக் குத்தியிருந்தார்கள். சுடுகிறவர் சீமெந்துத் தரையில் அடித்திருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் இன்னும் பின்னால், கயிற்றுக்கு அங்கால். நடுவில் சிவப்பு மேற்சட்டையும் கழுத்தில் விசிலுமாகத் துசாந்தினி.

கொட்டில் திறந்தபோது கொழும்பில் இருந்து ஒரு பயிற்சியாளர் வந்து அவளுக்கும் கூட வேலை செய்யும் நுஸ்ரியாவுக்கும் வேலை பழக்கிவிட்டுப் போனார். சிங்களவர், தமிழை ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திப் பேசுவார். "துவக்கு வைத்திருக்கிற ஆளைப் பார்த்துக் கத்தக் கூடாது. கத்தினால் திரும்பிப் பார்ப்பார். ஆள் திரும்பினால் துவக்கின் வாயும் திரும்பும். பக்கத்தில் போங்கோ, மெதுவாகச் சொல்லுங்கோ, துவக்கை உள்ளங்கையால் கீழே அமத்துங்கோ." நுஸ்ரியா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். துசாந்தினியும் கேட்டாள், தலையாட்டினாள். சிவப்புச் சட்டையைப் போட்ட அன்றைக்கே மறந்தும் போனாள்.

"ஏங்க, துவக்குப் பிடிக்கச் சொன்னா வீடு கூட்டுற தும்புத்தடி பிடிக்கிறீங்க?" என்பாள், புதுமாப்பிள்ளை ஒருவனிடம், பெண்சாதி பார்த்துக்கொண்டு நிற்க. வெளிநாட்டில் இருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் கோட்டில் கால் பெருவிரலை வைத்துவிட்டார் என்று, எல்லோருக்கும் கேட்கும்படி விசிலை ஊதி அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பினாள். வங்கியில் வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடினாள் என்று, "நித்திரை கொள்ளுறதுக்கு இங்க வரத் தேவையில்லை, வீட்ல கட்டில் இல்லையா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை பிறகு வரவேயில்லை.

றெனால்ட் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார். "துசா, வாறது சனம். மாடு இல்லை."

"பாதுகாப்புத்தானே சேர் முக்கியம்?"

அதுவும் உண்மைதான். கொட்டில் திறந்த நாளில் இருந்து ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அவளுடைய அந்தக் குரல் வேறோர் இடத்தில் இருந்து வந்தது. கைக்குழந்தையாகத் தாயின் இடுப்பில் இருந்து, பேசாலைக் கரையில் படகேறி, இராமேசுவரத்தில் இறங்கியவள் துசாந்தினி. வளர்ந்தது முழுக்க அங்கே, அகதி முகாமில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாதம் ஒருமுறை தலை எண்ண ஓர் அதிகாரி வருவார். "வரிசைல நில்லு! எவ அது அசையுறது?" என்று அவர் ஒரு சத்தம் வைத்தால், முகாமே நிமிர்ந்து நிற்கும். சிறுமி துசாந்தினிக்கு அந்த மனிதரில் கோபம் வரவில்லை. ஆசைதான் வந்தது. ஒரு கடதாசியும் ஒரு குரலும் இருந்தால் இத்தனை பேரை நேராக நிறுத்தலாமா என்று வியந்து பார்த்தாள். யாரோடும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசக் கூச்சப்படுகிறவள், சிவப்புச் சட்டை போட்டதும் அந்த மனிதரின் குரலில் பேசத் தொடங்கினாள். சட்டையைக் கழற்றினால் அந்தக் குரலும் கழன்றுவிடும்.

சண்டை முடிந்து சில வருடம் கழித்துத் தாயோடு ஊர் திரும்பினாள். கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை அனோஜன், அடம்பன் பக்கத்து ஆள், சொந்த ஓட்டோ. நல்ல மனிதர். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். ஆனால் வாய் திறக்கமாட்டார். பேச்சுக்கும் மீற்றர் ஓடுகிறது என்று நினைப்பவர் போல, "ஓம்", "இல்லை", "பாப்பம்" என்பதோடு முடித்துக்கொள்வார். இன்னொரு பழக்கமும் இருந்தது. தெரு முடக்கில் இருக்கும் கடைக்குப் பால்மா வாங்கப் போனாலும் ஓட்டோவில்தான் போவார். கோயிலுக்கும் ஓட்டோ, தண்ணீர்க் குழாயடிக்கும் ஓட்டோ. துசாந்தினி முதலில் சிரித்தாள். பிறகு பழகிவிட்டது. இவர் இப்படித்தான், யாரோடும் இப்படித்தான் என்று எண்ணியிருந்தாள். அந்த எண்ணம் அவளுக்கு ஓர் ஆறுதலாகவும் இருந்தது.

அந்த ஆறுதலைக் கெடுக்க வந்தவளை ஒரு சனிக்கிழமை பின்னேரம் அனோஜனின் ஓட்டோவே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியது.

இறங்கியவளுக்குத் துசாந்தினியின் வயதுக்குச் சற்று மேலே இருக்கும். மெலிந்த கறுத்த உடம்பு, நூல் சேலை, காலில் செருப்பு, காதோரம் நரை. அழகி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவள் என்னவோ சொல்ல, அனோஜன் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். மேல்வாயில் ஒரு கடைவாய்ப் பல் இல்லாதது தெரிந்தது. இத்தனை வருடம் ஒன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவளுக்கு அந்தப் பல் இல்லாதது அன்றைக்குத்தான் தெரிய வந்தது.

"மலர், பாத்து இறங்கும். மணல்."

"நீர் உம்மட ஓட்டோவைப் பாரும் அனோ. நான் மணலிலதான் சீவிக்கிறன்."

மலர். அனோ. நீர். அவர் துசாந்தினியைக் கூப்பிடுவதென்றால் "இஞ்ச" என்பார். அவ்வளவுதான்.

வந்தவளின் பெயர் வசந்தமலர் என்றும், கரையில் கருவாடு போடுகிறவள் என்றும், பேருந்தில் வந்தவளைச் சந்தியில் கண்டு அனோஜன் ஏற்றி வந்தார் என்றும் நுஸ்ரியா கேட்டு வந்து சொன்னாள். மாதக் கடைசிப் போட்டியில் முதலாவதாக வருகிறவருக்கு றெனால்ட் ஒரு காற்றாடி கொடுப்பதாக அறிவித்திருந்தார். ஆள் உயரத்துக்கு நிற்கும் மின்சாரக் காற்றாடி. வசந்தமலரின் வீட்டுக்குத் தகரக் கூரை, பகலில் கொதிக்கும். அந்தக் காற்றாடிக்காகப் பழக வந்திருந்தாள்.

துசாந்தினி வந்தவளின் காலைப் பார்த்தாள். "செருப்போட கோட்டுக்கு வர ஏலாது. சப்பாத்து இருக்கு, போட்டுட்டு வாங்க."

வருகிறவர்களுக்கென்று பெட்டியில் கிடந்த பழைய சப்பாத்துகளில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள். வசந்தமலர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தங்கச்சி, இது ரெண்டும் ரெண்டு தாய் பெத்த பிள்ளையள் போல கிடக்கு."

"இருக்கிறது இதுதான். விருப்பம்னா போடுங்க."

அவள் போட்டுக்கொண்டாள். ஒரு காலைக் கெந்திக்கெந்தி வந்து கோட்டில் நின்று சுட்டாள். மட்டையின் நடு வட்டத்தில் ஓட்டை விழுந்தது. அடுத்ததும் அதற்குப் பக்கத்தில். நுஸ்ரியா கை தட்டிவிட்டாள். கயிற்றுக்கு அங்கால் நின்ற அனோஜனின் முகத்தைத் துசாந்தினி பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம் என்று பிறகு நினைத்தாள்.

அன்றிரவு சோறு போடும்போது கேட்டாள். "யாரு அவ?"

"தெரிஞ்ச ஆள்."

"எப்பிடித் தெரியும்?"

"முந்தித் தெரியும்." தட்டை இழுத்துக்கொண்டார். மீற்றர் நின்றுவிட்டது.

விடிந்ததும் துசாந்தினி ஓட்டோவின் பின்சீற்றில் முகத்தை வைத்து மணந்து பார்த்தாள். மெல்லிய கருவாட்டு வாசம். சவர்க்காரத் தூளைக் கரைத்துச் சீற்றைத் தேய் தேய் என்று தேய்த்தாள். மகள் நிவேதிகா வந்து, "அம்மா, ஓட்டோ குளிக்குதா?" என்று கேட்டாள். அனோஜன் வெளியே வந்தார். ஈரச் சீற்றைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "ஏறுற சனம் எங்க இருக்கிறது?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி ஒன்றை விரித்தார்.

அடுத்த சனிக்கிழமையும் அதே ஓட்டோ, அதே சிரிப்பு. இந்த முறை துசாந்தினி வசந்தமலரைக் காக்க வைத்தாள். பிறகு வந்தவர்கள் எல்லோரும் சுட்டு முடிந்தும் அவள் மர வாங்கிலேயே உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும், "கையைக் கழுவிட்டு வாங்க. மீன் கையோட துவக்கைத் தொட்டா கெட்டுப் போயிடும்," என்றாள். வசந்தமலர் போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். "இன்னும் வாசம் போகலை." மறுபடி போய்க் கழுவினாள். மூன்றாம் முறை திரும்பி வந்து, தன் கையைத் தானே மணந்து பார்த்துச் சிரித்தாள்.

"கெட்டுப்போற சாமான் இல்லை தங்கச்சி, கருவாடு. கெடாமல் இருக்கத்தானே காய வைக்கிறம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அனோஜனும் சிரித்தார். வசந்தமலர் சுட்டு, குண்டு நடு வட்டத்தில் இறங்கியதும், துசாந்தினி வாயில் வந்ததைக் கேட்டுவிட்டாள்.

"இந்தக் குறியெல்லாம் முந்தி எங்க பழகினீங்க?"

சிரிப்பு சட்டென்று நின்றது. பக்கத்து மேசைக்காரர் தன் துவக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். கயிற்றடியில் நின்ற இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள். வசந்தமலர் துவக்கை மேசையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"றப்பர் கட்டின கெற்றப்போலால காகம் கலைச்ச கை, தங்கச்சி. கருவாடு காய விட்டால் காகத்துக்குக் கல்லெறியத்தான் வேணும். வேற ஒண்டும் இல்லை."

அவள் போன பிறகு நுஸ்ரியா துசாந்தினியைக் கொட்டிலின் மூலைக்கு இழுத்தாள். "துசாக்கா, அப்பிடிக் கேக்கப்படாது."

"என்ன கேட்டேன்? எங்க பழகினீங்கன்னுதானே?"

"அதைத்தான். இந்த ஊரில ஒரு பொம்பிளையைப் பாத்து, நாலு பேர் கேக்க, துவக்கு எங்க பழகினனி எண்டு கேட்டால் நாளைக்கு ஆரும் வீட்டை வந்து, இயக்கத்தில இருந்தவவோ எண்டு அவவை விசாரிப்பாங்கள். நீங்கள் அங்க இருந்து வந்தனீங்கள், உங்களுக்கு விளங்காது."

விளங்காது. துசாந்தினியை எரிய வைக்கும் சொல் அது. கடையில் "எவ்வளவுங்க" என்று கேட்டால், "இந்தியாக்காரி" என்று சிரிக்கிறவர்கள் எல்லோரும் சொல்லாமல் சொல்வது அதைத்தான். அனோஜனும் அந்த மலரும் ஓட்டோவடியில் நின்று அரைச் சொல்லில் பேசி அரைச் சொல்லில் சிரிப்பார்களே, அதிலும் அதுதான் இருந்தது. ஏதோ ஒரு வீட்டுக்குள் எல்லோரும் இருக்க, அவள் மட்டும் வெளியே நின்று யன்னலால் பார்ப்பது போல.

போட்டி நாள் வந்தது. சோளகக் காற்று கடற்கரை மணலை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. ஆனாலும் சனம் கூடிவிட்டது. காற்றாடியைக் கடதாசிப் பெட்டியோடு மேசையில் வைத்து றெனால்ட் அதற்கு ஒரு பூமாலையும் போட்டிருந்தார். பின்னேரமாகும்போது இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் கதிர்காமு, அரசாங்கக் கமநலக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். மற்றது வசந்தமலர். கதிர்காமு கடைசிக் குண்டைச் சுட்டுவிட்டுப் பக்கத்து மேசையடியிலேயே ஒதுங்கி நின்றார். நடு வட்டத்தின் விளிம்பில் பட்டிருந்தது. வசந்தமலருக்கு ஒரு குண்டு மிச்சம். நடுவில் விழுந்தால் காற்றாடி அவளுக்கு.

அன்றைக்கு நுஸ்ரியா அவளுக்குப் பொருத்தமான சப்பாத்துத் தேடிக் கொடுத்திருந்தாள். வசந்தமலர் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் காலை ஊன்றி, துவக்கைத் தோளில் வைத்தாள். அப்போது கயிற்றடியில் இருந்து ஒரு குரல் வந்தது.

"மலர், அவசரப்படாதையும். காத்து ஒருக்கா விடும், அப்ப அடியும்."

அனோஜன். கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி முன்னுக்குச் சாய்ந்து நின்றார். முகத்தில் அப்படியொரு பதற்றம். துசாந்தினி மகளைப் பெறப் போன அன்றைக்கு ஆசுப்பத்திரி வாசலில் இந்த மனிதர் ஓட்டோவுக்குள் இருந்து பத்திரிகை படித்தவர்.

தன் வாய் திறந்தது துசாந்தினிக்குத் தெரியும். என்ன வரப்போகிறது என்று தெரியாது. முகாமில் தலை எண்ண வந்த மனிதரின் குரல் தன் முழுப் பலத்தோடும் வெளியே வந்தது.

"நில்! அசையாத! துவக்கைக் கீழ வை! கையைத் தூக்கு!"

வசந்தமலர் திரும்பவில்லை, திடுக்கிடவும் இல்லை. குனிந்து துவக்கைத் தரையில் வைத்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். பிறகு, யாரும் சொல்லாமலே, சுவரைப் பார்த்துத் திரும்புகிறவள் போல மெல்லத் திரும்பி, முழங்காலில் இருந்தாள். பக்கத்து மேசையடியில் கதிர்காமு ஒரு கையை உயர்த்தி நின்றார். மற்றக் கை சட்டைப் பையில் இருந்து அடையாள அட்டையை எடுத்து, படம் வெளியே தெரியும்படி நீட்டிக்கொண்டிருந்தது. கயிற்றுக்கு அங்காலும் அப்படியே. நரைத்தவர்கள், நடுத்தர வயதினர், கொத்துரொட்டிக் கடைக்காரர்கூட. தூக்கிய கைகள். இளசுகள் மட்டும் இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, பெரியவர்களின் முகத்தைப் பார்த்து அடங்கினார்கள்.

அவர்களுக்கு நடுவில் அனோஜன். கயிற்றைப் பிடித்த கைகள் இப்போது காதுக்கு மேலே இருந்தன. கண் நிலத்தில். முகத்தில் பதற்றமும் இல்லை, ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த பலகை போல இருந்தது.

அந்த நேரத்திலும் துசாந்தினிக்கு வந்தது பொறாமைதான். அனோஜனின் கையும் வசந்தமலரின் கையும் ஒரே உயரத்தில், ஒரே மாதிரி விரல் விரித்து நின்றதை அவள் கண்டாள். எங்கேயோ ஓரிடத்தில், பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒன்றாகப் பழகிய கைகள்.

"கையை இறக்குங்கோ, ஒண்டுமில்லை, இறக்குங்கோ," என்று நுஸ்ரியா ஓடி ஓடிச் சொன்னாள். ஒருசிலர் இறக்கினார்கள். வசந்தமலர் இறக்கவில்லை. அனோஜனும் இறக்கவில்லை. தூக்கச் சொன்னவர் சொல்ல வேண்டும். அதுவரை இறக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துசாந்தினிக்கு இப்போதுதான் அது தெரிந்தது. சொல்லப் பார்த்தாள். அந்த மனிதரின் குரல் எங்கேயோ ஓடிப்போயிருந்தது. அவளுடைய சொந்தக் குரல், கடையில் சாமான் கேட்கும் கூச்சக் குரல்தான் மிஞ்சியிருந்தது.

"இறக்குங்க," என்றாள்.

கைகள் இறங்கின. வசந்தமலர் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். வெட்கப்பட்டவள் போலச் சிரித்தாள்.

"பழக்கம் போகாது போல. நான் என்ன பிழை விட்டனான், தங்கச்சி?"

எல்லோரும் துசாந்தினியைப் பார்த்தார்கள். றெனால்டும் வந்து நின்றார்.

"கோட்டை மிதிச்சீங்க," என்றாள் துசாந்தினி.

வசந்தமலர் தன் காலைக் குனிந்து பார்த்தாள். சப்பாத்தின் தடம் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால், தூசியில் அச்சாகக் கிடந்தது. அவள் அதைக் கண்டாள். கண்டும், "ஓ, அப்பிடியே? மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள்.

"அவ மிதிக்கேல்லை."

சொன்னது அனோஜன். சத்தம் வைக்கவில்லை. பெண்சாதியின் முகத்தைப் பார்த்து, ஒருக்கால்தான் சொன்னார். வீட்டில் இத்தனை வருடம் அவள் சொன்ன எதையும் அவர் மறுத்துப் பேசியதில்லை. மறுக்கும் அளவுக்குப் பேசினால்தானே.

"பிள்ளை, நீங்கள் உங்கட குண்டை அடியுங்கோ," என்றார் கதிர்காமு. அடையாள அட்டையை இன்னும் பைக்குள் வைக்கவில்லை. வசந்தமலர் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். "வேண்டாம் ஐயா. நீங்கள் கொண்டுபோங்கோ. கை இனிச் சரிவராது," என்றாள்.

சப்பாத்தைக் கழற்றிப் பெட்டியில் ஒழுங்காக வைத்துவிட்டு அவள் வெளிக்கிட, அனோஜன் ஓட்டோவைத் திருப்பப் போனார். அவள் கையைக் காட்டி மறித்தாள். "நான் பஸ்ஸில போறன் அனோ. நீர் மனுசியைக் கூட்டிக்கொண்டு போம். பாவம், பயந்துபோனா."

பாவம் என்று அவள் சொன்னது துசாந்தினியின் காதில் விழுந்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

சனம் கலைந்த பிறகு றெனால்ட் கையை நீட்டினார். "விசிலைத் தா, துசா. அடுத்த கிழமையில இருந்து நுஸ்ரியா கோட்டில நிக்கட்டும். நீ சீட்டு மேசையில இரு." சிவப்புச் சட்டையைக் கழற்றி மடித்தபோது நுஸ்ரியா பக்கத்தில் நின்றாள். அந்தச் சட்டை தன்னைவிட அவளுக்கு அளவாக இருக்கும் என்ற நினைப்பு துசாந்தினிக்கு வந்து, சுருக்கென்று குத்திவிட்டுப் போனது.

வாசலில் ஓட்டோ நின்றது. அனோஜன் ஏறியிருந்தார். துசாந்தினி ஏறவில்லை.

"நான் நடந்து வாறேன்."

"உனக்கென்ன விசரே? ஏறு."

அவள் வீதியில் இறங்கி நடந்தாள். ஓட்டோ அவளுக்குப் பக்கத்தில், சைக்கிள் வேகத்தில் ஊர்ந்து வந்தது. தோட்டவெளிப் பக்கம் மீன் விற்றுவிட்டு வந்த ஒருவர் மோட்டார்ச் சைக்கிளை மெதுவாக்கி, "என்ன தம்பி, மனுசி ஓட்டோ ஹயருக்குக் காசு தரேல்லையே?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு போனார். தெருவில் நின்ற கழுதைகள் இரண்டு ஓட்டோவுக்கு வழி விடாமல் முன்னால் அசைந்தன. அனோஜன் ஹோர்ன் அடித்தார். கழுதைகளும் கேட்கவில்லை, துசாந்தினியும் கேட்கவில்லை.

கொஞ்சத் தூரத்தில் ஓட்டோவின் இரைச்சல் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மணலில் செருப்புச் சத்தம். அவர் வந்து சேர்ந்தார்.

பனைகளில் காற்று இரைந்தது.

"அவவோட உங்களுக்கு என்ன?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்டும் இல்லை."

"அனோங்கிறா. நீர்ங்கிறா. நீங்க பல்லுத் தெரியச் சிரிக்கிறீங்க. ஒண்டும் இல்லையா?"

அவர் யோசித்தார். சொல் தேடினார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அவவோட நடந்தனான்."

"எங்க?"

"எல்லா இடமும். அடம்பனில இருந்து வெளிக்கிட்டு. ஒரு இடத்தில இருக்கிறது, பிறகு அங்க இருந்தும் வெளிக்கிடுறது. சண்டை முடியிற கடைசி நாள் மட்டும். பிறகு கையைத் தூக்கிக்கொண்டு ஆமிப் பக்கம் வந்தனாங்கள். அவ, நான், அவவின்ர தம்பி. தம்பி வரேல்லை."

"வரலைன்னா?"

"வரேல்லை."

காலுக்குக் கீழே மணல் புதைந்தது.

"என்னோட நீங்க ஒருநாளும் நடந்ததில்லை," என்றாள். சொன்ன பிறகுதான், இவ்வளவு கேட்டும் தன்னிடம் அதுதான் மிஞ்சியிருக்கிறது என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"எனக்கு நடக்கப் பிடிக்காது, துசா. அதுக்குத்தானே ஓட்டோ எடுத்தனான்."

துசா என்றார். அவள் அதைக் கேட்டாள். கேட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. அவருடைய நடையைக் கடைக்கண்ணால் பார்த்தாள். எப்போதும் ஓட்டோவுக்குள் இருக்கும் மனிதர் இவ்வளவு நீட்டி நீட்டி அடி வைப்பார் என்று அவளுக்குத் தெரியாது. நெடுந்தூரம் போகிறவரின் நடை. அது மலருக்குத் தெரிந்த நடை.

"அவ இப்படிப் பக்கத்திலயா வந்தா?"

"இல்லை. முன்னால போவா. நான் பின்னால. ஆரும் திரும்பிப் பாக்கிறேல்லை."

துசாந்தினி கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவள் வேகத்தைக் குறைத்தாள். தோளோடு தோள் வந்ததும் அந்த அளவிலேயே நடந்தாள்.

வீட்டு ஒழுங்கை வந்தது. வாசல் விளக்கைத் துசாந்தினியின் தாய் போட்டிருந்தாள். நிவேதிகா யாரையோ கூப்பிடுவது கேட்டது. துசாந்தினி திரும்பவில்லை. வீதியோடு நேரே நடந்தாள்.

"இஞ்ச, வீடு இதில," என்றார் அனோஜன்.

"தெரியும்."

அவர் ஒழுங்கை முகப்பில் நின்றார். அவள் போய்க்கொண்டே இருந்தாள். எவ்வளவு தூரம் நடந்தால் அவரும் மலரும் நடந்த தூரத்துக்கு ஈடாகும் என்று அவளுக்குத் தெரியாது. ஆகாது என்று மட்டும் தெரிந்தது. அடுத்த மின்கம்பம் வரைக்குமாவது போவோம் என்று நினைத்தாள்.

பின்னால் மணலில் செருப்புச் சத்தம் மறுபடி கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள்.